மிசாவோ அக்கா பார்க்காத ஓடை

மிசாவோ அக்காவுக்குப் பனிச்சறுக்கு தெரியாது. எங்கள் விடுதிக்கு வருகிறவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய வரைபடத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே, "இதைப் போட்டவரு எந்தக் காலத்து வீரருங்க?" என்று கேட்பார்கள். நான் பரிமாறும் சன்னல் வழியாகக் கரண்டியை நீட்டிக் காட்டுவேன். அங்கே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கழிப்பறைக் குழாய்க்குத் துணி சுற்றிக்கொண்டிருப்பாள் ஐம்பத்து நான்கு வயது மிசாவோ அக்கா. கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்கென்றே நான் வேலையை விட்டுவிட்டு நிற்பேன்.

என் பெயர் தோகாஷி. இருபத்திரண்டு வருஷமாக இந்த விடுதியில் சமையல். கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில் நாற்பது பேருக்கு ஆக்கிப் போடுகிறவனுக்குக் கோபம் வராமல் இருக்குமா? வரும். அக்காவிடம் மட்டும் அது செல்லாது. கீழே தொயாமாவில் அலுமினியச் சன்னல் செய்கிற தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் இருந்து, எந்திரச் சத்தத்தில் வலது காது மந்தமாகி, ஒரே ஒரு கோடைக்கு என்று சொல்லிக்கொண்டு மேலே வந்தவள் அவள். பதினாறு கோடை ஆகிவிட்டது. நான் கத்த ஆரம்பித்தால் வலது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடுவாள். என்ன செய்ய முடியும் அவளை?

குழாய், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, பாதையோரம் நடுகிற மூங்கில் கழி, எல்லாம் அவள் பொறுப்பு. அக்டோபரில் முதல் பனி விழுந்த பிறகு மலைமேல் நடமாடுகிற ஒரே ஆள் அவள்தான். கழி நட்டுக்கொண்டே போவாள். போகிற வழியில் எந்தச் சரிவில் அந்த முதல் பனி தங்கியிருக்கிறது, எந்தச் சரிவில் வெயிலுக்குக் கரைந்து புல் தெரிகிறது என்று பார்த்து, வரைபடத்தில் நீலப் பென்சிலால் தீட்டுவாள். பக்கத்தில் தேதி. நீலம் இல்லாத இடம் வெறும் தரை. ஆரம்பத்தில் தன் கால் வழுக்காமல் இருக்கத்தான் தீட்டினாள். பிறகு அது எத்தனையோ பேர் உயிருக்கு உதவுகிற படம் ஆகிவிட்டது.

ஏன் என்றால், அக்டோபரில் நிழலில் தங்குகிற அந்த மெல்லிய பனி பொல்லாதது. தெளிந்த இரவுகளின் குளிரில் அது இறுக்கம் விட்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டாத பருமணியாக மாறிவிடும். சர்க்கரைப் பனி என்போம். நவம்பரில் புயல் வந்து அதன் தலையில் அரை மீட்டர் புதுப்பனியைப் போட்டு மூடிவிட்டால், மேலே பார்க்க எல்லாச் சரிவும் ஒரே வெள்ளை. அடியில் சர்க்கரை இருப்பது எது, இல்லாதது எது? அக்டோபரில் கண்ணால் பார்த்தவருக்குத்தான் தெரியும். ஆறு மாதம் சறுக்காமல் ஏங்கிப்போய் வருகிறவர்களுக்கோ, பனி கொஞ்சமாக இருந்தால் ஆபத்தும் கொஞ்சம் என்று நினைப்பு. "புல்லு நுனியே வெளியில தெரியுது, இதுல எங்கேர்ந்து பனிச்சரிவு வரப்போகுது?" என்பார்கள். நவம்பரில் சரிவில் சிக்குகிறவர்கள் முந்தின நாள் பேசுகிற பேச்சு அதுதான். நாலு பேர் வாயில் நானே கேட்டிருக்கிறேன்.

இனி, அந்தப் படத்தில் ஒரு தவறு விழுந்த வருஷத்துக்கு வருகிறேன்.

அக்டோபர் இருபத்தேழாம் தேதி. அக்கா கணவாய்ப் பக்கம் கழி நடப் போயிருந்தாள். இங்கே என் சமையலறையில் குழாய் வெடித்து, அரிசி மூட்டை மிதக்காத குறை. நான் வாக்கிடாக்கியை எடுத்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. அக்கா போட்டதைப் போட்டபடி ஓடி வந்தாள். கணவாயிலிருந்து இன்னும் நாற்பது நிமிஷம் நடந்திருந்தால் இரண்டாம் ஓடை என்கிற செங்குத்துப் பள்ளச் சரிவு தெரிகிற பாறைக்குப் போயிருப்பாள். போகவில்லை. மறுநாளிலிருந்து நாலு நாள் மூடுபனி. நீட்டிய கை தெரியாது. நவம்பர் ஒன்றாம் தேதி படம் சுவரில் ஏற வேண்டும், ஏறிவிட்டது. இரண்டாம் ஓடையில் நீலம் இல்லை. பக்கத்தில் அக்டோபர் இருபத்தேழு என்று தேதி.

நவம்பர் பதினெட்டாம் தேதி புயல் பிடித்தது. நாலு நாள் வடமேற்குக் காற்று, விடாத பனி. நாற்பத்தோரு விருந்தாளிகள் அடைந்து கிடந்து, சீட்டு ஆடி, சாப்பிட்டு, மறுபடி சாப்பிட்டார்கள். இருபத்தொன்றாம் தேதி சாயங்காலம் மேகம் கிழிந்தது. நாளைக்கு வெயில் என்று தெரிந்ததும் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது விடுதி. ஆள் ஆளுக்கு ஸ்கீ பலகைக்கு மெழுகு தேய்க்கிறான்.

நான் முள்ளங்கி நறுக்கிக்கொண்டு, வழக்கம்போலப் புலம்பிக்கொண்டிருந்தேன். அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் கையுறையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த ரெண்டாவது தொட்டியில பாதிகூடத் தண்ணி இல்ல. நாப்பது பேருக்குப் பாத்திரம் கழுவணுமா வேணாமா? நீ என்னத்த குழாய் பாக்கறியோ போ."

"குழாய் நல்லாத்தான் இருக்கு. ஊத்து வத்திப்போச்சு. செப்டம்பர்லேர்ந்தே அப்படித்தான், கோடையில மழையே…"

அவ்வளவுதான் சொன்னாள். பேச்சு பாதியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னக்கா?"

"அந்த ஊத்து எங்க இருக்கு?"

"என்னைக் கேக்கற? ரெண்டாம் ஓடை அடியில."

"அதான்." கையுறையைத் திரும்பத் திரும்ப முறுக்கினாள். "பத்து வருஷமா அந்த ஓடையில முதல் பனி தங்கினதே இல்ல. அடியில ஊத்து ஓடும், கரைஞ்சிடும். இந்த வருஷமும் அப்படித்தான் இருக்கும்னு வெறுந்தரைன்னு விட்டேன். ஊத்து வத்தினதும் எனக்குத்தான் தெரியும். ரெண்டையும் சேர்த்து நினைக்கவே இல்ல, தோகாஷி."

"நினைக்கவே இல்லையா? நீ பாத்துட்டுத்தானே போட்ட?"

"பாக்கல."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அன்னிக்கு நீ கூப்பிட்டே, ஓடி வந்துட்டேன். அந்தப் பாறைக்குப் போகவே இல்ல. போன மாதிரி தேதி போட்டேன்."

நான் கூப்பிட்டேனா? கூப்பிட்டேன். காது கிழியக் கூப்பிட்டேன். அந்தக் குற்றத்தை மறைக்கத்தானோ என்னவோ, குரலை உயர்த்தினேன். "சரி, இப்ப என்ன? யார் அங்க போகப் போறாங்க?"

"யாஹிரோ. ஆறு பேரைக் கூட்டிக்கிட்டுக் காலையில ரெண்டாம் ஓடை. படத்தைப் பாத்துத்தான் முடிவு பண்ணாராம். இப்பத்தான் எங்கிட்டயே வந்து நன்றி சொல்லிட்டுப் போறாரு."

யாஹிரோ வழிகாட்டி. முப்பத்தெட்டு வயது, நல்ல கெட்டிக்காரன், கெட்டிக்காரன் என்று அவனுக்கும் தெரியும். அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் போட்டுவிடலாம் என்றேன். வெளியில் தெரியாமல் முடிந்துவிடும், உன் மானமும் போகாது.

அக்கா தலையை ஆட்டினாள். "அவர்கிட்ட சொன்னா அவர் மட்டும்தான் நிப்பாரு. நாப்பது பேரு செல்லுல அந்தப் படம் இருக்கு. எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லணும்."

"சொன்னா அப்புறம் உன் படத்தை எவன் நம்புவான்?"

"நம்ப வேணாம். இந்த வருஷத்தோட நிறுத்திக்கறேன்."

பதினாறு வருஷத்தில் அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒரு கிண்ணம் சூப்பை அவள் முன்னால் நகர்த்தினேன். தொடவே இல்லை.

ஆறரை மணிக்கு வழக்கமான கூட்டம். தினமும் சாப்பாடு முடிந்ததும் மேலாளர் மினகாவா வானிலையைப் படிப்பார், வழிகாட்டிகள் அன்று பனியைச் சோதிக்க எங்கே குழி தோண்டினார்கள், என்ன கண்டார்கள் என்று சொல்வார்கள், மினகாவா கேள்வி உண்டா என்பார், ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள், கும்பிட்டுவிட்டுக் கலைவார்கள். எங்கள் ஆட்களுக்கு நாலு பேர் முன்னால் கை தூக்குவதைவிடப் பல் பிடுங்கிக்கொள்வது சுலபம். மிசாவோ அக்கா பதினாறு வருஷத்தில் ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை.

"கேள்வி ஏதாவது உண்டா?" என்றார் மினகாவா, பாதி எழுந்தபடி.

அக்கா கை தூக்கினாள். ரப்பர் பூட்ஸோடு நடந்து போய்ப் படத்தின் பக்கத்தில் நின்றாள்.

"இரண்டாம் ஓடையை நான் பாக்கல. பாத்ததா தேதி போட்டது பொய். இந்த வருஷம் அங்க ஊத்து வத்தியிருக்கு, அதனால முதல் பனி தங்கியிருக்கலாம். தங்கியிருந்தா இப்ப அது அடியில இருக்கு. எல்லாரும் மன்னிக்கணும்." இடுப்பு வரை குனிந்தாள். நிமிரவே இல்லை.

டோக்கியோவிலிருந்து வந்த ஒருவர், கண்ணாடி போட்டவர், மெதுவாகக் கேட்டார். "அப்ப மத்த இடமெல்லாம்? அதையெல்லாம் எப்படிங்க நம்பறது?"

நான் சன்னல் வழியாகக் குதித்து அவர் கண்ணாடியைப் பிடுங்கியிருப்பேன். அதற்குள் அக்கா நிமிர்ந்தாள்.

"ஞாயமான கேள்விங்க. ஒவ்வொண்ணா சொல்றேன். முதல் ஓடை, இருபத்து நாலாம் தேதி, ரெண்டு பக்கமும் நின்னு பாத்தேன். மூணாம் ஓடை, இருபத்தாறு, கீழ்ப்பாதி பாத்தேன், மேல்பாதியப் பாறை மறைச்சுது. குதிரை மேடு, நடந்தே போனேன், வடபக்கம் கால் புதைஞ்சுது, தெற்குப் பக்கம் வெறும் புல்லு…" பன்னிரண்டு சரிவுக்கும் சொன்னாள், விரல் வைத்து. எங்கே நின்றாள், என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை. கண்ணாடிக்காரர் குறிப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

யாஹிரோ எழுந்தான். முகம் சிவந்திருந்தது. "அக்கா, ஆறு பேரு. அவங்க வீட்டுல ஆளுங்க இருக்காங்க. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நான் அவங்களை ஒவ்வொருத்தரா அந்த ஓடையில விட்டிருப்பேன்."

"ஆமா."

"ஆமாவா?"

"ஆமாங்க. அதனாலதான் சொன்னேன்."

திட்டப் போகிறான் என்றுதான் நினைத்தேன். "காலையில நீங்களும் வாங்க," என்றான். "ஓடை ஓரமா, ஆபத்து இல்லாத இடத்துல தோண்டிப் பாப்போம். நான் மட்டும் பாத்தாப் பத்தாது. நீங்க பாக்கணும்."

"நானும் வரேன்!" என்று சன்னலில் இருந்து ஒரு குரல் கேட்டது. யாருடையது என்று பார்த்தால் என்னுடையதுதான்.

காலையில் பூஜ்யத்துக்குக் கீழே பதினோரு டிகிரி. கீழே மேகம் பாய் விரித்தாற்போலக் கிடக்க, அதன் விளிம்பில் கடல் தெரிந்தது. வாசலில் ஒவ்வொருவரின், பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவுகிற தேடுகருவியும் வேலை செய்கிறதா என்று யாஹிரோ சோதித்தான். என் கழுத்திலும் ஒன்றை மாட்டினான்.

"மாஸ்டர், கழட்டிடாதீங்க. தொண்ணூத்திரண்டு கிலோவைத் தோண்டி எடுக்க எங்களால ஆகாது."

"என்னை எடுக்காட்டி உனக்கு ராத்திரி சோறு கிடையாது, பாத்துக்க," என்றேன்.

அவர்கள் ஸ்கீயில், நானும் அக்காவும் காலில் கட்டுகிற பனி வளையத்தில். கணவாய் தாண்டி மட்டமான இடம். மூச்சு வாங்கியது. தடத்தை விட்டு விலகி நாலடி வைத்தேன், அவ்வளவுதான். காலுக்கு அடியில் 'வூம்' என்று ஒரு சத்தம். மாடு உறுமுகிற மாதிரி. தரை இரண்டு விரல் கடை கீழே இறங்கியது. என் பாதத்திலிருந்து ஒரு விரிசல் கிளம்பிப் பத்து மீட்டர் ஓடிப் போய் நின்றது.

"அசையாதீங்க மாஸ்டர்!"

அசைவதா? மூச்சே விடவில்லை நான். மட்டமான இடம் என்பதால் பிழைத்தேன். அதே சத்தம் சரிவில் கேட்டிருந்தால் இந்தக் கதையை வேறு யாராவதுதான் சொல்ல வேண்டியிருக்கும். யாஹிரோவின் ஆறு பேரில் ஒருவர், நாற்பது வயதுக்கார ஆசிரியை, விரிசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுவரை அவர் முகத்தில், வந்த நல்ல நாள் வீணாகிறதே என்ற வருத்தம்தான் இருந்தது.

ஓடையின் விளிம்பில், அதே பக்கம் பார்த்த சின்னச் சாய்வு ஒன்றில் யாஹிரோ தோண்டினான். எழுபது சென்டிமீட்டர். மேலே காற்று அடித்து இறுக்கிய பலகைப் பனி, கத்தி இறங்கச் சிரமப்பட்டது. அடியில் ஒரு சாண் உயரத்துக்கு நிறம் மங்கிய பருமணி. அக்கா குழிக்குள் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி, அதை அள்ளினாள். விரலிடுக்கில் ரவை மாதிரி கொட்டியது. யாஹிரோ ஒரு தூண் போல் பனியை வெட்டி நிறுத்தி, மேலே மண்வெட்டியை வைத்து, மணிக்கட்டை மட்டும் மடக்கி லேசாகத் தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டில் மேல்பகுதி முழுசாக வழுக்கி வந்து அவன் மடியில் விழுந்தது.

ஆசிரியை, "போயிருப்போம் இல்ல?" என்று கேட்டார்.

"போயிருப்போம்," என்றான் யாஹிரோ.

அக்கா சட்டைப் பையிலிருந்து நீலப் பென்சிலை எடுத்தாள். குளிரில் விரல் மடங்கவில்லை. யாஹிரோ படத்தை விரித்துப் பிடித்துக்கொள்ள, இரண்டாம் ஓடை முழுவதையும் தீட்டினாள். பிறகு எல்லோரும் திரும்பிக் குதிரை மேட்டின் தெற்குப் பக்கம், வெயில் படுகிற சிறிய சரிவுக்குப் போனார்கள். மூன்று மணி வரை கத்திச் சிரித்துக்கொண்டு சறுக்கினார்கள். நான் அக்காவோடு உட்கார்ந்து, கொண்டுபோன சோற்று உருண்டை ஆறையும் தின்றேன். அவளுக்கு ஒன்று கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலக் கூட்டம். மினகாவா கேள்வி உண்டா என்று கேட்பதற்குள் யாஹிரோ எழுந்துவிட்டான்.

"போன வாரம் மூணாம் ஓடையில நல்லாயிருக்குன்னு சொன்னேன். தோண்டினது ஒரே ஒரு குழி, அதுவும் கீழே. மேல போகல. போன மாதிரி பேசிட்டேன். மன்னிக்கணும்." அக்காவைவிட ஒரு விரல் கூடுதலாகவே குனிந்தான்.

அப்புறம் பாருங்கள். இன்னொரு வழிகாட்டி எழுந்தார். காற்று வேகத்தை அளக்காமல் குத்துமதிப்பாகச் சொன்னாராம். டோக்கியோக் கண்ணாடிக்காரர் எழுந்து, தன் தேடுகருவியில் போன வருஷத்து பேட்டரியே இருக்கிறது, யாராவது இரண்டு கொடுங்கள் என்றார். கூடம் கொல்லென்று சிரித்தது. மினகாவா சிவப்புப் பென்சில் ஒன்றைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார். பார்க்காத இடத்துக்கெல்லாம் சிவப்பு. அரை மணி நேரத்தில் படத்தில் நீலத்தைவிடச் சிவப்பு அதிகம். எல்லோரும் மறுபடி வரிசையாக நின்று படம் எடுத்தார்கள்.

"அடுத்த அக்டோபர்ல நானும் கூட வரேன் அக்கா," என்றான் யாஹிரோ. "ரெண்டு பேரா நடந்தா ரெண்டு பக்கமும் பாத்துடலாம்."

"கழியைத் தூக்கறதா இருந்தா வாங்க," என்றாள் அக்கா. நிறுத்திக்கொள்கிற பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. நானா ஞாபகப்படுத்துவேன்?

இரண்டு நாள் கழித்து மறுபடி பனி பிடித்தது. இருபத்து நான்காம் தேதி மத்தியானம் பன்னிரண்டு மணி. காற்றில் வெளியே தலை காட்ட முடியவில்லை. பன்றிக்கறிச் சூப் கொதித்துக்கொண்டிருந்தது, அக்கா எனக்கு உதவியாக வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கேட்டது. இடி இல்லை. இடியைவிடக் கீழே, வயிற்றில் கேட்கிற சத்தம். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அலமாரியில் கிண்ணங்கள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டன. கணவாய்ப் பக்கத்திலிருந்து வந்து, நெடுநேரம் உருண்டு, அடங்கியது.

இரண்டாம் ஓடைதான். தானாகவே, ஒரு மனிதன் கால் படாமல், சுவரிலிருந்து சுவர் வரைக்கும் மொத்தமாக இறங்கியிருந்தது. அது மறுநாள் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அந்த நிமிஷம் எங்களுக்குச் சத்தம் மட்டும்தான் தெரியும்.

அக்கா கத்தியைப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். சத்தம் கேட்டு எல்லோரும் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி சன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள். அக்கா வாசலில் நின்று, விரலை நீட்டி, வாய்க்குள் எண்ண ஆரம்பித்தாள். யாஹிரோ, ஆசிரியை, யாஹிரோவின் மற்ற ஐந்து பேர். கண்ணாடிக்காரர். மூலையில் இருந்த தம்பதி. நாற்பதில் நின்றது. அவள் முகம் வெளுத்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். நானும் கூடவே எண்ணினேன். நாற்பது. மறுபடியும் நாற்பது.

கழிப்பறைக் கதவு திறந்தது. ஒரு பெரியவர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே வெளியே வந்து, எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, "என்ன, தண்ணி வரலியா?" என்று கேட்டார்.

"நாப்பத்தொண்ணு," என்றாள் மிசாவோ அக்கா. சத்தமாகவே சொன்னாள். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும், ரப்பர் பூட்ஸை நீட்டிக்கொண்டு, விம்மி விம்மி அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். யாஹிரோ தன் கிண்ணத்தை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தான். இந்தத் தடவை அவள் அதை வாங்கிக் குடித்தாள்.